பன்னிரண்டு வெண்கல புஷ்

எசமான், மோட்டார் வண்டி கடகடவென்று சத்தம் போட்டால் எல்லோரும் முதலில் இஞ்சினைத்தான் சந்தேகப்படுவார்கள். பாவம், பெரும்பாலும் இஞ்சின் மேல் குற்றம் இருக்காது. சத்தம் வருவது அடியிலிருந்து. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பட்டை ஸ்பிரிங் இருக்கிறது அல்லவா, அதன் இரண்டு முனைகளும் காது மாதிரி சுருண்டிருக்கும். அந்தக் காதுக்குள் கட்டை விரல் நீளத்தில் ஒரு வெண்கலக் குழாய். அதற்குப் பெயர் புஷ். அதற்குள்ளே ஓர் இரும்புப் பின் போகும். புஷ் தேய்ந்தால் பின் ஆடும். ரோட்டில் ஒரு குழி வந்தால் போதும், கடக் என்று அடிக்கும். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், போலீஸ்காரர்கள் பத்து நாளாக எல்லோரிடமும் பத்தாயத்துப் பூட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பிரிங்கைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, பேசினால் எனக்கு எதிராகவே முடியும் என்று இரண்டு முறை சொன்னீர்கள். புரிந்தது. குமாஸ்தா எழுதிக்கொள்ளட்டும். அவருக்குக் கை வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்று வந்தேன்.

என் பெயர் அழகிரி. வயது நாற்பத்தாறு. பிறந்தது வரகனேரி. பஸ் கம்பெனிப் பட்டறை ஒன்றில் ஏழு வருஷம் ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டு, அப்புறம் டிரைவரானேன். முதலாளி மருதையிடம் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. ஸ்ரீரங்கத்தில் அவருக்கு வாழைத்தோப்பு, திருச்சி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி. வீடு கோயில் வீதிகளில் இல்லை. காவேரிப் பாலம் இறங்கியதும் மேற்கே பிரிகிற தோப்புச் சாலையின் கடைசியில் தனியாக நிற்கும். வண்டிக் கொட்டகையை ஒட்டி எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார். பெண்டாட்டி செத்துப்போன ஆள் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த முதலாளிதான் இப்போது சிறையில் இருக்கிறார். வெள்ளையம்மாள் என்கிற ஐந்து வயதுப் பிள்ளையை நெல் பத்தாயத்தில் போட்டுப் பூட்டிக் கொன்றார் என்று வழக்கு. அவருக்கு எதிராக என்ன சாட்சி இருக்கிறது என்று பார்த்தேன். பிள்ளையை வளர்த்த காளியாயி சொல்லியிருக்கிறாள்: "வண்டி சத்தமே கேக்கலைங்க. அந்த மனுசன் வேணும்னே நடந்து, திருடன் கணக்கா வந்து, புள்ளயப் புடிச்சிருக்காரு." பாலத்தடியில் காப்பிக்கடை வைத்திருக்கும் மதுரைவீரனும் அதையேதான் சொன்னான். அந்த வண்டி வந்தால் கடையில் தம்ளர் அதிரும், அன்று அதிரவில்லை என்றான். தோப்பில் வேலை செய்த நாலு பேரும் அப்படியே. யாரும் பொய் சொல்லவில்லை எசமான். முதலாளியும் பொய் சொல்லவில்லை. அவர் வண்டியில்தான் வந்தார். நான்தான் ஓட்டினேன். வண்டிக்குத்தான் சத்தம் இல்லை.

அதைச் சொல்வதென்றால் பவுனம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பவுனம்மாள் முதலாளிக்கு இரண்டாந்தாரம். அந்த அம்மாவுக்கும் இது இரண்டாவது தாலி. முதல் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான், கையில் ஒரு பெண் குழந்தை, அதுதான் வெள்ளையம்மாள். எங்கள் பக்கத்துக் குடியானவர்களில் அறுத்துக் கட்டுவது உண்டு, அதில் யாருக்கும் கேவலம் இல்லை. ஆனால் முதல் தாலிக்குப் பிறந்த பிள்ளை பிறந்த வீட்டோடு தங்கிவிட வேண்டும். கட்டுகிறவன் ஊர்ப் பஞ்சாயத்தில் அப்படிச் சொல்லித்தான் கட்டுவான். பொதுவாக இரண்டு வருஷம் போனால் மனசு இளகி, பிள்ளையும் வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். முதலாளிக்கு மனசு இளகவில்லை. தனக்கு ஒரு பிள்ளை பிறக்காததற்கு அந்தப் பிள்ளைதான் காரணம் என்று யாரோ ஒரு குறிகாரன் சொல்லிவைத்திருந்தான். "அது இந்தப் படி ஏறுச்சுன்னா, அன்னைக்கே நீ படி இறங்கிடணும்" என்று என் காது கேட்கவே சொல்லியிருக்கிறார்.

பவுனம்மாளின் அக்காள்தான் இந்தக் காளியாயி. வீட்டுக் கொல்லையை ஒட்டி ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் அவள் குடிசை. பிள்ளை அவளிடம் வளர்ந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பனங்கட்டை கிடக்கும். முதலாளி மண்டிக்குப் போனதும் பிள்ளை அந்தக் கட்டையில் நடந்து கொல்லைக் கதவு வழியாக வந்துவிடும். ஆத்தாள் கையால் சாப்பிடும், தலை பின்னிக்கொள்ளும், கூடத்தில் விளையாடும். முதலாளி வருவது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வண்டிதான் சொல்லும்.

பாலத்து இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். அங்கே முதல் கடக். அதற்கப்புறம் தோப்புச் சாலை முழுக்கக் குழி. பள்ளத்திலிருந்து வீட்டு வாசலுக்கு மூன்று நிமிஷம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று நிமிஷம் தாராளம். கை கழுவிக்கொண்டு, பின்னல் ரிப்பனைச் சரி பார்த்துக்கொண்டு, கட்டையைத் தாண்டிப் போய்விடலாம். நாங்கள் வாசலில் வந்து நிற்கும்போது பவுனம்மாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த அம்மா கொட்டகைக்கு வந்தாள். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

"அண்ணே, ஒரு ஒத்தாசை பண்ணணும். இந்தச் சத்தத்த மட்டும் சரி பண்ணிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

சரி என்றேன். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. யுத்தம் ஆரம்பித்து அமெரிக்கச் சாமான் வருவதும் நின்றுபோயிருந்தது. முதலாளி சத்தத்தைப் பற்றித் திட்டினால், புஷ் கிடைக்கவில்லை ஐயா என்பேன். அது பாதி உண்மை. கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து போட்டுக்கொள்ளலாம் என்பது மீதிப் பாதி. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஓர் ஏழைப் பொம்பளை கேட்டதற்காக என் முதலாளியிடம் இரண்டு வருஷம் பொய் சொன்னேன் எசமான். இதையும் குமாஸ்தா எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் வண்டி வேலை தெரிந்தவனுக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தினமும் முப்பது மைல், வருஷம் பூராவும். தூங்கும்போதும் காதில் அடிக்கும். கோர்ட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மற்ற டிரைவர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள், தேர் வந்துவிட்டது என்று. ஒருவன் சொன்னான், "நம்ம அழகிரி வண்டில ஏறுனா பத்து மாசப் புள்ள எட்டு மாசத்துலயே வெளிய வந்துரும்யா." நானும் சிரிப்பேன். பட்டறையில் நான் வேலை கற்றுக்கொடுத்தவர்கள் இன்று நல்ல வண்டி ஓட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை.

பிள்ளை எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. கடகட மாமா. கொட்டகையில் வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, கடக் கடக் என்று குதிக்கும். "கடகட மாமா வராரு, ஓடு ஓடு" என்று அதற்கு அதுவே சொல்லிச் சிரித்துக்கொள்ளும். பவுனம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும். இதிலும் எனக்கு வருத்தம் இல்லை.

இன்னொன்று. போன மாசம் எனக்குக் குளிர் ஜுரம். வெந்நீர் கேட்டு அடுக்களை வாசலில் போய் நின்றேன். பவுனம்மாள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "செத்த இருங்கண்ணே" என்றாள். பிள்ளை ஏதோ கதை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வாயாக வாங்கியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது சாப்பிட்டு முடித்தது, அந்த அம்மா அதன் வாயைத் துடைத்துவிட்டாள், மடியில் போட்டுத் தலையைக் கோதினாள். நான் நின்றதை மறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்குத் திரும்பிவிட்டேன். மறப்பது மனுஷ இயல்பு, இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எப்போது தீர்மானம் செய்தாய் என்று கேட்டீர்கள், அதனால் சொன்னேன். ஜுரம் விட்ட அன்று தீர்மானம் செய்தேன்.

முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்துவதாக மிரட்டினார் என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை.

ஓடாமல் கிடந்த ஒரு பம்பிலிருந்து கெட்டி வெண்கலம் எடுத்தேன். பாலக்கரையில் நிஜாமுதீன் பாய் காலால் மிதிக்கிற லேத் ஒன்று வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கொட்டகையில் கிடந்த பழைய பின் ஒன்றையும் அளவையும் கொடுத்தேன். நாலு ஸ்பிரிங்கின் காதுகளுக்கு எட்டு, அவற்றைச் சட்டத்தில் தொங்கவிடும் கொக்கிகளுக்கு நாலு, ஆகப் பன்னிரண்டு.

"என்னா அழகிரி, இத்தன வருசம் களிச்சு இப்பத்தான் காது கேட்டுச்சாக்கும்?" என்றார்.

"ஆமாம் பாய், இப்பத்தான் கேட்டுச்சு."

"பன்னெண்டும் ஒரே அளவா வரணும்ல. அவசரப்படாதீங்க. இன்ஷா அல்லாஹ், வியாளக்கிளம முடிச்சுடலாம்" என்றார். சொன்னபடியே வியாழக்கிழமை கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

முதலாளி ஒரு கேஸ் விஷயமாக ரயிலில் மெட்ராஸ் போனார். நாலு நாள் வண்டிக்கு வேலை இல்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். வீட்டில் இதைச் செய்வது லேசான காரியம் இல்லை எசமான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இரும்புப் பின் துருவேறி வராது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். பழைய புஷ்ஷைச் சுத்தியால் அடித்து வெளியேற்றினால் ஸ்பிரிங் காது விரிந்துவிடும். நான் அடிக்கவில்லை. நீளமான ஒரு போல்ட்டை உள்ளே விட்டு, ஒரு பக்கம் இரும்புக் குழாய்த் துண்டு, மறுபக்கம் வாஷரும் நட்டும். நட்டைத் திருகத் திருகப் பழையது சத்தமில்லாமல் குழாய்க்குள் வந்துவிடும். புதியதையும் அப்படியே இழுத்து உட்காரவைக்கலாம். கிரீஸ் போகிற துளை நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் குச்சி விட்டுப் பார்த்தேன். பழைய புஷ் ஒரு பக்கம் வெற்றிலை கனம்கூட இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் பவுனம்மாள் கதவைத் தட்டினாள். வாழை இலையில் சோறும் கீரையும் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை பின்னாலேயே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தது, பாதி வழியெல்லாம் சிந்திக்கொண்டு.

"என்னண்ணே, சக்கரத்தக் கழட்டிப் போட்டிருக்கீங்க? சத்தம் போயிடாதுல்ல?"

"கிரீஸ் போடறேம்மா. போடலன்னா பின்னு ஒடஞ்சுரும்."

"அப்ப சரிண்ணே. சாப்பிடுங்க, ஆறிடப் போவுது."

சாப்பிட்டேன். கீரை நன்றாக இருந்தது. அந்த அம்மா என்னை நம்பினாள். நம்புகிறவர்களிடம் பொய் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஜங்ஷனுக்குப் போய் முதலாளியை அழைத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் வித்தியாசம் தெரியாது. தோப்புச் சாலையில் குழிகளை ஒதுக்கி மெதுவாகத்தான் போனேன். முதலாளி ஏறிய பிறகு பாலக்கரை ரோட்டில் முதல் பெரிய குழி வந்தது. வண்டி இறங்கியது, ஏறியது, அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை. எசமான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி பின் ஸீட்டிலிருந்து, "ஏம்ப்பா அழகிரி, இது நம்ம வண்டிதானா?" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் சிரித்துப் பேசியது அன்றுதான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினோம். லால்குடியில் அவர் பங்காளி வீட்டுக் கல்யாணம், அன்று சாயங்காலம் பெண் அழைப்பு. பவுனம்மாளையும் கூட்டிக்கொண்டு உடனே போக வேண்டும் என்றார். அந்த நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாலத்து இறக்கத்தில் இஞ்சினை நிறுத்தினேன். பெட்ரோல் கூப்பன் காலம், இறக்கத்தில் எல்லா டிரைவரும் நிறுத்துகிறார்கள். அதற்கு முன்னால் நான் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் கடகடப்பு இன்னும் பெரிதாகக் கேட்கும் என்று விட்டிருந்தேன். அன்று நிறுத்தினேன். மதுரைவீரன் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு தம்ளர் கழுவிக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. தோப்புச் சாலையும் சரிவுதான், வண்டி அப்படியே உருண்டு போயிற்று. வாழை இலை ஆடுகிற சத்தம்கூடக் கேட்டது. வாசலுக்கு முன்னால் வண்டி தானாகவே நின்றது.

நான் நினைத்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி உள்ளே போவார், பிள்ளையைப் பார்ப்பார், பவுனம்மாளை வெளியே அனுப்புவார். அவள் தன் பிள்ளையோடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும், நானும் நல்ல வண்டி ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பேன். அவளுக்கும்கூட அதுதான் நல்லது என்று தோன்றியது. பிள்ளையைப் பிரியாமல் இருக்கலாம் அல்லவா? நடந்தது வேறு.

பவுனம்மாள் கூடத்தில் இல்லை. கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அன்று நெல் குத்தப் போட வேண்டுமென்று பத்தாயத்தைத் திறந்து வைத்திருந்தாள். பிள்ளை உள்ளே இறங்கி நெல்லில் விளையாடிக்கொண்டிருந்தது. முதலாளி வாசல் குறட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் வாசலில் அவர் வேட்டியைப் பார்த்தது. கொல்லைக் கதவுக்கு ஓட நேரம் இல்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு நெல்லோடு நெல்லாகப் படுத்துக்கொண்டது.

முதலாளி வந்தார். "தொறந்து போட்டுட்டுப் போயிருக்கா பாரு, எலி பூந்தா என்னாவுறது" என்று சொல்லிக்கொண்டே மூடியைச் சாத்தினார். பூட்டினார். பூட்டிலேயே தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூன்று வயதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஆத்தாள் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான், அவர் இருக்கும்போது மூச்சுக் காட்டக் கூடாது என்று.

பவுனம்மாள் ஓடி வந்தாள். முதலாளியைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. கூடத்தைப் பார்த்தாள், திறந்திருந்த கொல்லைக் கதவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். பிள்ளை போய்விட்டதா என்று கண்ணாலேயே கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். போய்விட்டது என்று.

அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. கால் மணி நேரத்தில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி லால்குடி ரோட்டில் போகிறோம். அந்த ரோடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தேன், பவுனம்மாள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் வண்டியில் ஒருவர் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் இரண்டு வருஷமாக நானும் கூட்டு என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். பத்தாயத்தில் பலகை இடுக்கு இருக்கும், காற்று போகும் என்று நினைத்தேன். ஆனால் அது நல்ல தச்சன் செய்தது, இடுக்கு இல்லை. எனக்கு அது தெரியும். அந்தப் பத்தாயத்தை ஏற்றி வந்த வண்டியோடு போனவன் நான்தான்.

அன்றைக்கு அப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. ராத்திரி எட்டு மணி வாக்கில் திரும்பி வந்தோம். காளியாயி வாசலில் நின்றுகொண்டு, "பவுனு, புள்ள எங்கடி? இன்னும் வூட்டுக்கு வரலயே" என்று அலறினாள். முதலாளி எதிரிலேயே கேட்டுவிட்டாள், அவளுக்கு அப்போது எதுவும் நினைவில் இல்லை. முதலாளிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பனங்கட்டையிலிருந்து தவறி வாய்க்காலில் விழுந்திருக்கும் என்று ஊரே மூங்கில் கழி கொண்டு துழாவியது. பவுனம்மாள் பட்டுப் புடவையோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவிக்கொண்டிருந்தாள். கரையில் பெட்ரோமாக்ஸ் பிடித்துக்கொண்டு நின்றது நான். நல்ல வெளிச்சம் விழுகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன். கை கடுத்துப் போயிற்று. மறுநாள் காலையில் முதலாளியே நெல் அளக்கப் பத்தாயத்தைத் திறந்தார்.

பவுனம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. கேட்பாள் என்று பத்து நாளாகக் காத்திருந்தேன், அதுதான் பெரிய அலுப்பாகப் போயிற்று. அவள் முதலாளியைத்தான் பார்த்தாள். "உங்க கையாலயே பூட்டிட்டீங்களே" என்றாள். என்னை அந்த அம்மாவுக்கு ஞாபகமே வரவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைப்பதில் அர்த்தமில்லை. இது யாருக்கும் தெரியாது. லால்குடியில் போய் இறங்கிய பிறகு, சீர் வைக்க வாங்கியிருந்த வெள்ளிக் குத்துவிளக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது முதலாளிக்கு ஞாபகம் வந்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "வெரசாப் போயி எடுத்துட்டு வந்துரு" என்றார். அப்போது மணி மூன்றே முக்கால். அந்தக் கொத்தில் அலமாரிச் சாவியும் இருந்தது, பத்தாயத்துச் சாவியும் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன் எசமான். கடவுளே வழி விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிள்ளையைத் திறந்துவிட்டுக் காளியாயி வீட்டுக்கு அனுப்பிவிடலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். நான் காப்பாற்றத்தான் போனேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. பத்தாயத்தைத் திறந்தேன். பிள்ளை நெல்லின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. கையைத் தொட்டேன், சூடு இருந்தது. மூச்சு இல்லை. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மூடியைச் சாத்திப் பூட்டினேன். அலமாரியைத் திறந்து குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு லால்குடிக்குப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டில் சுமார் நாலரை மணி என்று போட்டிருப்பதாக நீங்கள்தான் சற்று முன்னால் படித்துக் காட்டினீர்கள். சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

லால்குடியிலிருந்து வீட்டுக்குப் பதின்மூன்று மைல். அந்த வண்டிக்கு அரை மணி போதும். நாலே காலுக்கு வந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டாம் எசமான், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ரோட்டில் ஒரு வண்டி இல்லை, வெயிலும் தாழ்ந்திருந்தது. புது புஷ் போட்ட வண்டியை முதல் நூறு மைல் மணிக்குப் பன்னிரண்டு மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. நான் ஓட்டவில்லை.